வைரஸ் கடத்தி வகைக் கொரோனா தடுப்பூசிக்குத் தமிழில் தகவல் தாள் வழங்கக் கோரும் மனு

நாள்: 12.07.2021

பெறுநர்
சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: ஆக்ஸ்ஃபோர்டு-அஸ்ட்ராசெனகா தடுப்பூசி செலுத்திக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் எளிய தமிழில் தகவல் தாள் வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். என் தாயார் கடந்த மாதம் இத்தடுப்பூசியின் முதல் தவணையைச் செலுத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுக்கும்படி சொன்னதைத் தவிர வேறெந்தத் தகவலும் எங்களுக்குத் தரப்படவில்லை. ஒன்பதாம் நாள் இரவு அவருக்குக் கடுமையான தலைவலி வந்தபோது, அது மாத்திரையில் அடங்கக்கூடியதா, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியதா என்று தெரியாமல் விடியும்வரை விழித்திருந்தோம். மறுநாள் இரத்தப் பரிசோதனையில், இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. அப்படியோர் இரவு வேறெந்தக் குடும்பத்துக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இம்மனுவை அளிக்கிறேன்.

மாத்திரை வாங்குபவருக்குப் பெட்டியோடு தகவல் தாளும் கிடைக்கிறது. இத்தடுப்பூசியோ பலருக்கான மருந்தாக ஒரே குப்பியில் வருகிறது, ஒருவருக்கு 0.5 மி.லி. செலுத்தப்பட்டதும் அவர் வெறுங்கையுடன் வீடு திரும்புகிறார். ஊசி போட்டபின் சிறிது நேரம் உட்காரவைப்பது உடனடி ஒவ்வாமையைக் கண்டறியப் பெரிதும் உதவுகிறது. ஆனால், தட்டணுக் குறைவுடன் கூடிய இரத்த உறைவு பெரும்பாலும் முதல் மூன்று வாரங்களுக்குள், அதாவது அவர் வீட்டில் இருக்கும்போதுதான் தலைகாட்டுகிறது. 2021 ஏப்ரலில் ஐரோப்பிய மருந்து முகமை இதை மிக அரிதான பக்கவிளைவு என்று அறிவித்து, தகவல் தாளில் சேர்க்கச் சொன்னது.

எனவே, தீராத கடும் தலைவலி, பார்வை மங்கல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத வயிற்றுவலி, ஊசி போட்ட இடத்தைத் தவிர வேறிடங்களில் தோன்றும் சிறு சிவப்புப் புள்ளிகள் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும் என்று அத்தாளில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டுகிறேன். தடுப்பூசி போட்ட தேதியை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும் என்பதும் அதில் இடம்பெற வேண்டும். ஏனெனில் வழக்கமான இரத்த உறைவுக்குக் கொடுக்கும் ஹெப்பாரினை இந்நிலையில் தவிர்க்குமாறு மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. பாலிசார்பேட் 80 உள்ளிட்ட உட்பொருள்களுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும், நுண்குழாய்க் கசிவு நோய் (மிகச் சிறிய இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் நோய்) முன்பு வந்தவர்களும் ஊசிக்கு முன்பே அதைத் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்ளும் குறிப்பும் தேவை.

இத்தடுப்பூசி செயல்படும் விதத்தையும் சில வரிகளில் விளக்கலாம். உடலில் பெருக முடியாதபடி மாற்றப்பட்ட சிம்பன்சி அடினோவைரஸ் கடத்தியாகச் செயல்பட்டு, கொரோனா வைரஸின் மேற்பரப்பில் உள்ள கூர்முனைப் புரதத்தை உருவாக்கும் குறிப்பை மட்டுமே நம் செல்களுக்குள் கொண்டுசெல்கிறது. அதனால் கொரோனா தொற்றவும் செய்யாது, நம் மரபணு மாறவும் செய்யாது.

இவற்றையெல்லாம் அச்சிட்டால் மக்கள் தயங்குவார்களோ என்ற கவலை துறைக்கு இருக்கலாம். எங்கள் அனுபவம் வேறு: எங்களை அச்சுறுத்தியது தகவல் இல்லாமைதான். நோயின் தீவிரத்திலிருந்து கிடைக்கும் பாதுகாப்பையும் பக்கவிளைவின் அரிதான தன்மையையும் ஒருசேரச் சொன்னால், என் தாயார் தம் இரண்டாம் தவணைக்குத் தெளிவுடன் செல்வார்.

தாள் அச்சாகும்வரை, காத்திருக்கும் நேரத்தில் செவிலியர் இவ்விவரங்களை வாசித்துக் காட்ட ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மனுதாரர்