பீலிக்கரையில் சொல்லாமல் விட்டது

கோத்தகிரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நாலு நாளாக உறைபனி. காலையில் ஓடையோரப் புல் உப்பைத் தூவினாற்போல் கிடக்கிறது. பள்ளத்துத் தேயிலை கருகிவிட்டது, நம் மேட்டுச் செடிகள் தப்பித்தன. அப்பாவுக்கு முட்டிவலி பழையபடிதான்.

நேற்று மலாவியிலிருந்து போனில், "ஊருக்கு வர இன்னும் பத்து நாள்தாம்மா. யார்கிட்டயும் சொல்லிக்காம கிளம்பிடறேன், சொன்னா அழுதுடுவேன்" என்றாய். அப்போது எனக்குப் பேச்சே வரவில்லை. ராத்திரி தூக்கமும் வரவில்லை. விடிந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன். தம்பி இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான்.

நாங்கள் சிலோனிலிருந்து வந்த கதை உனக்குத் தெரியும். அதில் ஒன்றை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை.

1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களைப் பங்கு போட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே என்று பங்கு. ஆப்பிரிக்காவில் நீ இருக்கும் மலாவிக்கு விடுதலை கிடைத்ததும் அதே வருஷம், ஜூலையில் என்று நீதான் சொன்னாய். அந்தப் பங்கில், தோட்டத்து வரிசை வீட்டில் எங்கள் அறைக்கு, காம்பரா என்போம், இந்தியா விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருந்த என் கூட்டாளி வீட்டுக்கு சிலோன். ஒரே லயம், ஒரே கூரைத் தகரம்.

எங்கள் முறை 1974இல் வந்தது. எனக்குப் பதினோரு வயது. கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க நின்றோம். "எப்ப போறீங்க?" என்று கேட்டாள். விடிகாலை லாரி வரும் என்று எனக்குத் தெரியும். சொன்னால் அழுவாளே என்று, "இன்னும் நாள் கெடக்கு" என்றேன். உடனே அவள் மடியிலிருந்த அஞ்சாங்கல்லை எடுத்து என் கையில் கொட்டினாள். "நீயே வச்சுக்க, நாளைக்கு வெளயாட எடுத்துட்டு வா" என்றாள்.

மறுநாள் விடியுமுன் எங்களை லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஹட்டன் ஸ்டேஷன் முழுக்க ஒப்பாரி. பெரியவர்கள் கட்டிப்பிடித்துக் கதறினார்கள், கோச்சி நகர்ந்த பிறகும் ஜன்னல் கம்பியை விடாமல் ஓடி வந்தார்கள். எனக்கென்று அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. என்னை வழியனுப்ப வேண்டியவள் பீலிக்கரைக்கு வந்து நின்றிருப்பாள். தலைமன்னார், கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை. பத்து வருஷம் கழித்து அந்தக் கப்பலும் நின்றுபோனது. அவள் எங்கே இருக்கிறாள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்தக் கல் என் டிரங்குப் பெட்டியில் சுருக்குப் பையில் இருக்கிறது. முகாமில் ஒன்று தொலைந்தது, மிச்சம் நாலு. சின்னப் பிள்ளையில் நீ எடுத்து விளையாடப் போனபோது உன்னை அடித்தேன். அது எதற்கு என்று உனக்குத் தெரியாது. அடித்தது தப்பு கண்ணு.

அழுகைக்குப் பயந்துதான் நான் சொல்லாமல் வந்தேன். அந்த அழுகை ஒரு சாயங்காலத்தோடு போயிருக்கும். அதனால் சொல்கிறேன், முலாஞ்சேயில் யாரிடமும் சொல்லாமல் வராதே. முக்கியமாக அடுத்த வீட்டு அகோகோவிடம். ரெண்டு வருஷம் உனக்குப் பாட்டியாக இருந்தவள். முதல் மழைக்காலத்தில் நீ காய்ச்சலில் கிடந்தபோது இரவெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள். அவள் கதவைத் தட்டி, பாயில் உட்கார்ந்து, எந்தத் தேதியில் போகிறாய் என்று சொல்லு. அழுகை வந்தால் ரெண்டு பேரும் அழுங்கள்.

நாம் "போயிட்டு வரேன்" என்றுதான் சொல்வோம். "போறேன்" என்றால் அம்மாச்சி வாயில் அடிப்பாள். ஆனால் அங்கே போகிறவர் "சலானி ப்வீனோ", நல்லா இருங்க என்பார், இருப்பவர் "பிதானி ப்வீனோ", நல்லபடியாப் போங்க என்பார் என்று நீ சொல்லிக்கொடுத்தாயே. அவர்கள் பேச்சிலேயே சொல்லு. திரும்பி வருவாயா என்று பிள்ளைகள் கேட்டால், தெரியவில்லை என்றே சொல்லு. "அடுத்த வருஷம் வரேன்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடாதே. பிள்ளைகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று. ஜனவரி, பிப்ரவரியில் அங்கே பழைய சோளம் தீர்ந்து, புதுசு இன்னும் வயலில் பச்சையாக நிற்கும், பல வீட்டில் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று எழுதியிருந்தாய். அப்படியிருந்தும் உனக்காகக் கோழி அடிப்பார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடாதே, அவர்கள் மனசு நோகும். உட்கார்ந்து ரெண்டு வாய் ன்சீமா, அந்தச் சோளமாவுக் களி, சாப்பிடு. ஆனால் முதல் நாளே ஒரு மூட்டை சோளமாவு வாங்கி அந்த வீட்டில் இறக்கிவிடு.

ஆஸ்பத்திரியில் உனக்குப் பிறகு வரும் நர்ஸ் உள்ளூர்ப் பெண் என்றாய், நல்லது. எந்தக் கர்ப்பிணிக்கு ரத்தக் கொதிப்பு, யாருக்கு முதல் பிரசவம் சிக்கலானது என்பதெல்லாம் உன் தலைக்குள் இருந்தால் போதாது. நோட்டில் எழுதிக் கொடு. முடிந்தால் அந்த வீடுகளுக்கு அவளைக் கூட்டிப்போய்க் காட்டு.

மலேரியா மாத்திரையை ஊர் வந்ததும் நிறுத்திவிடாதே. எத்தனை நாள் சாப்பிட வேண்டுமோ அத்தனை நாளும் சாப்பிடு. நர்ஸுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அகோகோ கட்டும் சிட்டெஞ்சேத் துணி ஒன்று எனக்கு வாங்கி வா. கடையில் புதுசு வேண்டாம். அவள் கட்டிப் பழசானதைக் கேள், பதிலுக்கு உன் சேலையைக் கொடு. நான் கொடுத்த அந்த மாம்பழக் கலர் சேலையைத்தான் கொடு, எனக்கு வருத்தமில்லை.

ஸ்வெட்டரை மேல் பையில் வை. மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏறும்போதே போட்டுக்கொள். நானும் தம்பியும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் நிற்போம்.

உன் அம்மா