ஸ்விஃப்ட் சைலன்சரும் என் ஆம்னியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சைலன்சர் சத்தம் பற்றிப் போன வாரம் நீங்கள் போட்டிருந்த செய்தியைக் கடையில் வர்க்கி (எங்கள் ஊர் மொறுமொறு பிஸ்கட்) கட்டிக் கொடுக்கும் நேரத்தில் படித்தேன். குன்னூர் - ஊட்டி ரோட்டில் ராத்திரி நேரத்தில் வண்டிகள் அலறிக்கொண்டு போகின்றன, சைலன்சர் மாற்றும் பையன்களைப் பிடித்து அபராதம் போட வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். சரி, போடட்டும். ஆனால் வேறு காரின் சைலன்சரை மாட்டிக்கொண்டு ஓடுகிறவர்கள் எல்லோரும் இருபது வயசுப் பையன்கள் இல்லை. எனக்கு 54 வயது, குன்னூரில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். நானும் மாட்டினேன், ஒன்றரை வருடம் ஓட்டினேன். செய்தியில் சத்தத்தை மட்டும் பேசிவிட்டு மற்றதை விட்டுவிட்டீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

என்னுடையது 2008 மாடல் மாருதி ஆம்னி வேன். விடியற்காலை ஐந்து மணிக்கு வர்க்கி டின்களை ஏற்றிக்கொண்டு அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒவ்வொரு டீக்கடையாக நிறுத்தி நிறுத்திப் போகிற வண்டி. இப்படி ஓடுகிற வண்டிக்குச் சைலன்சர் சீக்கிரம் அழுகும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை, குளிர்காலக் காலையில் சைலன்சர் நுனியில் சொட்டுகிறதே, அந்தத் தண்ணீர்தான். சமவெளியில் ஒரு மணி நேரம் விடாமல் ஓடுகிற வண்டியில் சைலன்சர் நன்றாகச் சூடேறி அது காய்ந்துவிடும். நம் ஊரில் பத்து நிமிடம் ஓட்டி நிறுத்துகிறோம், தண்ணீர் உள்ளேயே தங்கித் தகரத்தைத் தின்கிறது. என் பின் சைலன்சரை மெக்கானிக் ஸ்குரு டிரைவரால் லேசாகக் குத்தினார், அப்பளம் மாதிரி உள்ளே போனது. இன்ஜின் பக்கமிருந்து அதற்கு வருகிற நடுப் பைப்பும் பொரிந்துபோயிருந்தது.

ஒரிஜினல் வர நாளாகும் என்றார்கள். அந்த வாரம் மைதா எடுக்கக் கீழே போனபோது அப்படியே கோயம்புத்தூர் உக்கடம் வரை ஒரு நடை போனேன். அங்கே ஒரு கடையில் மாருதி ஸ்விஃப்ட் காருக்கு என்று செய்த வெளிக் கம்பெனி சைலன்சர், நடுப் பைப்போடு சேர்த்து, புத்தம் புதுசாகப் பளபளவென்று இருந்தது. பாதி விலை. ஆம்னிக்கு உட்காருமா என்று கேட்டேன். “மாருதிக்கு மாருதி சேராமலா போகும், வெல்டிங்கில் சரி பண்ணிக்கலாம் சார்” என்றார். நானும் தலையாட்டிவிட்டு வாங்கி வந்தேன். மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்தப் பளபளப்பும் ஒரு காரணம்.

உட்காரவில்லை. பைப்புகளை இணைக்கிற ஃபிளேஞ்ச் தட்டின் ஓட்டைகள் சேரவில்லை, ரப்பரில் தொங்கவிட வேண்டிய கொக்கிகள் எல்லாம் வேறு வேறு இடத்தில் இருந்தன. வெல்டிங் கடையில் அறுத்து, வளைத்து, ஒட்டி, ஒரு இடத்தில் ரப்பருக்குப் பதில் கட்டுக்கம்பி போட்டு எப்படியோ தொங்கவிட்டார்கள். பம்பரைத் தாண்டி வெளியே வர வேண்டிய நுனி ஒரு சாண் உள்ளேயே நின்றுவிட்டது. பார்த்துவிட்டு ‘அதனால என்ன’ என்று வந்துவிட்டேன்.

முதலில் தெரிந்தது இழுவை. ஆம்னியின் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் மொத்தமே 35 குதிரைத்திறனுக்குப் பக்கத்தில்தான். அதுவும் சமவெளிக் கணக்கு. ஊட்டி இருக்கிற 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கும் கொஞ்சமும்தான், அதனால் இந்த மாதிரி இன்ஜின்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு சக்தி மேலே வரும்போதே போய்விடுகிறது. மிச்சம் இருப்பதை வைத்துத்தான் நாம் மேடு ஏறுகிறோம். 2024-க்கு முந்தைய ஸ்விஃப்டின் நான்கு சிலிண்டர், 1197 சிசி இன்ஜினுக்குக் கணக்கிட்ட பைப் ஆம்னிக்குத் தொளதொள சட்டை. சின்ன இன்ஜினின் புகை அகலப் பைப்பில் வேகம் குறைந்து சோம்பிவிடுகிறது. ஒரு சிலிண்டரின் புகை வேகமாக ஓடினால்தான் அடுத்த சிலிண்டரின் புகையைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு போகும், அந்த வேகம் இல்லையென்றால் கீழ் ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது, வண்டிக்கு மூச்சு வாங்கும். மேட்டுப்பாளையம் ரோட்டில் நேராகப் போகும்போது எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சொல்லப்போனால் பறக்கிற மாதிரி இருந்தது. ஆறு மூட்டை மைதாவோடு பர்லியார் தாண்டி ஏறும்போதுதான் தெரிந்தது. முன்பு செகண்ட் கியரில் எடுத்த கொண்டை ஊசி வளைவில் ஃபர்ஸ்ட் போட வேண்டியிருந்தது, அதுவும் ஹாஃப் கிளட்சில். மலையில் கீழ் ஆர்பிஎம் இழுவைதான் சோறு போடும். பின் சைலன்சரை மட்டும் மாற்றியிருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது, நான் நடுப் பைப்பிலிருந்தே மாற்றினேன் என்பதையும் சொல்ல வேண்டும். பெரிய இன்ஜினுக்குச் சின்னக் காரின் சைலன்சரை மாட்டினால் கதை நேர் எதிர், புகை வெளியேற இடமில்லாமல் மேல் வேகத்தில் திணறும்.

அப்புறம் சத்தம். நீங்கள் எழுதிய அலறல் இல்லை இது, ஒரு ரீங்காரம். 3,000 ஆர்பிஎம்மில் மூன்று சிலிண்டர் இன்ஜின் நொடிக்கு 75 தடவை புகையைத் தள்ளுகிறது, நான்கு சிலிண்டர் என்றால் 100 தடவை. சைலன்சருக்குள் இருக்கும் அறைகளை அந்தந்த இன்ஜினின் துடிப்பை அடக்குகிற மாதிரித்தான் அமைக்கிறார்கள். வேறு துடிப்பு வந்தால் சில வேகத்தில் அடங்காமல் வண்டியின் கூரைத் தகரம் வரை அதிரும். பின்னால் வர்க்கி டின்கள் ஜலதரங்கம் வாசித்துக்கொண்டே வரும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஒன்று நடந்தது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

டிசம்பரில் உறைபனிக் காலம். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் மனைவியின் அம்மாவைப் பார்க்க ஊட்டிக்குப் போவோம், கண்ணாடியை முழுதாக ஏற்றிவிட்டு. வெலிங்டன் தாண்டியதும் என் மனைவிக்குத் தலைவலி, குமட்டல். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வருவாள். மலை ரோட்டில் இது ஒரு விஷயமா, வளைவில் எல்லோருக்கும் வருவதுதானே என்று விட்டுவிட்டோம். எனக்கும் தலை கனத்தது, காலையில் சீக்கிரம் எழுவதால் என்று நினைத்தேன். நான்காவது வாரம் அவள்தான் கேட்டாள்: “இதே ரோட்டில் பஸ்ஸில் போனால் எனக்கு ஒன்றும் ஆவதில்லையே, ஏன்?”

மறுநாளே மெக்கானிக்கிடம் போனேன். இன்ஜினை ஓடவிட்டு, ஈரச் சாக்கை மடித்துச் சைலன்சர் நுனியை அடைத்துப் பிடித்தார். நடுவில் ஒட்டுப்போட்ட இடத்திலிருந்து ‘உஸ்’ என்று ஒரு சத்தம். கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தால் வெல்டிங்கைச் சுற்றி மை தீட்டின மாதிரி கரிக்கோடு. கட்டுக்கம்பியில் தொங்கினதால் பைப் ஆடி ஆடி ஒட்டு விரிந்திருக்கிறது. போதாததற்கு நுனி வண்டிக்கு அடியிலேயே நின்றது, பின் கதவு ரப்பர் பீடிங் தேய்ந்திருந்தது. ஆம்னி மாதிரி பெட்டி வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்று சுழன்று உள்ளே இழுக்கும், வெளியே போன புகை அந்த இடுக்கு வழியாகத் திரும்ப வண்டிக்குள்ளேயே வந்துகொண்டிருந்தது. லேசாக ஏதோ வாசம் வந்தது உண்மைதான், வர்க்கி வாசத்தில் அது எங்கே தெரியப்போகிறது!

அந்தப் புகையில் இருக்கிற ஆபத்தான கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, வாசமும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் கெட்டியாக ஒட்டிக்கொள்ளும். ஊட்டிக் காற்றில் ஏற்கெனவே ஆக்சிஜன் குறைவு, குளிருக்குக் கண்ணாடியை வேறு சாத்திக்கொள்கிறோம், தலைவலி வந்தால் வளைவின் மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். ஒன்று மட்டும் நல்லவேளை. மாட்டும்போதே வெல்டிங் கடையில், “இந்த கேட்டலிடிக் கன்வர்ட்டர் டப்பாவை எடுத்துவிட்டால் வண்டி இன்னும் பறக்கும், டப்பாவை நாங்களே விலைக்கு எடுத்துக்கொள்கிறோம்” என்று ஆசை காட்டினார்கள். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் இருப்பதால் பழைய இரும்புக்காரர்களுக்கு அதன் மேல் ஒரு கண். நான் விடவில்லை. அந்த டப்பாதான் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடின் பெரும்பகுதியைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகிறது. அதையும் கழற்றியிருந்தால் இந்தக் கடிதத்தை யார் எழுதியிருப்பார்கள் என்று தெரியாது.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் பாகம் மாற்றும் சொந்தக்காரருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும் கூட உண்டு. எனக்கு யாரும் போடவில்லை. செக்போஸ்டில் என் வண்டியை நிறுத்தியதே இல்லை, வர்க்கி வண்டியை யார் நிறுத்துவார்கள்?

வெளிக் கம்பெனி சைலன்சரே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் காரின் அதே மாடலுக்கு, அதே இன்ஜினுக்கு என்று செய்தது, அறுக்காமல் ஒட்டாமல் பழைய கொக்கியிலேயே உட்காருகிறது, நுனி பம்பரைத் தாண்டி வருகிறது என்றால் தாராளமாக மாட்டுங்கள். நான் இப்போது ஓட்டுவதே அப்படி ஒன்றுதான், ஊட்டி வரை தலைவலி இல்லை. அறுத்து ஒட்டத்தான் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால் பைப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. செய்தியோடு நீங்கள் போட்டிருந்த படத்தில் ஒரு பழைய வெள்ளைக் காரின் பின்பக்கம் தெரிகிறது. அதன் சைலன்சர் நுனியும் பம்பருக்கு ஒரு சாண் உள்ளேதான் நிற்கிறது, டிக்கியோ சரியாக மூடாமல் கயிற்றில் கட்டியிருக்கிறது. படம் எடுத்த உங்கள் நிருபருக்கு அந்தக் காரின் சொந்தக்காரரைத் தெரிந்தால், வீட்டில் யாருக்காவது ஞாயிற்றுக்கிழமைகளில் தலை வலிக்கிறதா என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வர்க்கிக் கடைக்காரர்,
குன்னூர்.