ஸ்ட்ரா கேட்ட பெரியவர்

செண்பகனூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மலருக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். காலை மாத்திரை போட்டு முக்கால் மணி நேரம் போனால் கை கொஞ்சம் சொன்ன பேச்சு கேட்கும். அப்புறம் பழையபடி ஆகிவிடும். அந்த இடைவெளியில் எழுதியதுதான் எல்லாம். போகப் போக எழுத்து சிறுத்துக்கொண்டே வரும், இந்தப் பார்க்கின்சன் நோய்க்கு அப்படித்தான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு படி.

போனில் பேசலாம்தான். பேசினால் அன்றைக்கு மாதிரி சத்தம்தான் வருகிறது. "அவர் எழுதினார், அவ்வளவுதான் அப்பா, வேறு எதுவும் செய்யவில்லை" என்று, நீ வக்கீலாக ஜாமீன் கேட்கிற, சிறையில் இருக்கிற உன் கட்சிக்காரரைப் பற்றிச் சொன்னாய். "அதைத்தான் செய்யாமல் இருந்திருக்கலாமே" என்று நான் சொன்னேன். அந்த சீனியர் ஆபீஸை விட்டுவிட்டுச் சொத்து வழக்கு, ஆக்சிடென்ட் வழக்கு பார்க்கிற இடத்தில் சேர் என்றும் சொன்னேன். நீ போனை வைத்துவிட்டாய். சரி, வைத்ததில் தப்பில்லை.

அதற்கப்புறம், அவர் மாதிரி உள்ளே போனவர்களைப் பற்றி நீ தபாலில் அனுப்பிய தாள்களை எல்லாம் படித்துவிட்டேன். பெரிய எழுத்தில் அச்செடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. போனில் படிக்கப் போனால் விரல் எங்கேயோ பட்டு யாருக்கோ கால் போய்விடுகிறது.

அதில் ஸ்டான் சுவாமி பற்றிய தாளை மட்டும் நாலு தடவை படித்தேன். ஏன் என்று உனக்குத் தெரியாது. நீ ஊருக்கு வரும்போது அம்மா எனக்குப் பாதி டம்ளர்தான் ஊற்றித் தருவாள், நீ கவனித்திருக்க மாட்டாய். முழு டம்ளர் ஊற்றினால் நடப்பது இதுதான். கையில் எடுக்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. நெஞ்சு உயரம் வந்ததும் கை தன்பாட்டுக்கு ஆட ஆரம்பிக்கும். டீ விளிம்பில் அடித்து வேட்டியில் கொட்டும். இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்தால் இரண்டும் சேர்ந்து ஆடும். கடைசியில் டம்ளரை மேஜையிலேயே வைத்துவிட்டு நான்தான் குனிந்து அதனிடம் போக வேண்டும், அது என்னிடம் வராது. மூஞ்சிக்கல் டீக்கடைக்குப் போவதை நிறுத்தியது முட்டி வலியால் என்று உன்னிடம் சொன்னேனே, அது பொய். இருபத்தேழு வருஷம் வத்தலக்குண்டிலிருந்து மேலே கொடைக்கானலுக்கு பஸ் ஓட்டிய கை இது. டம்டம் பாறை வளைவில் எதிரே லாரி வந்தாலும் ஆடாத கை. பையன்கள் பார்த்துக்கொண்டிருக்கிற இடத்தில் எனக்கு டீ இறங்கவில்லை.

அந்தப் பெரியவர் ஸ்டான் சுவாமிக்கும் இதே பார்க்கின்சன். திருச்சிப் பக்கம் விரகாலூரில் 1937-ல் பிறந்தவர், சேசு சபைச் சாமியார். நம் ஊர்க் கல்லூரி கேட்டில் எத்தனை ஃபாதர்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன், மங்கி குல்லா போட்டுக்கொண்டு சில்லறை தேடுகிற மனுஷர்கள். இவரும் அந்த மாதிரி ஒருவராகத்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார். ஜார்க்கண்டுக்குப் போய் ஆதிவாசிகளோடு கிடந்திருக்கிறார். விசாரணை முடியாமல் சிறையில் கிடந்த ஆதிவாசிப் பையன்களுக்காக வழக்குப் போட்டிருக்கிறார். கடைசியில் அவரே விசாரணைக் கைதி ஆனார். 2020 அக்டோபர் 8-ந் தேதி ராஞ்சியில் கைது, அப்போது வயது 83. மகாராஷ்டிராவில் 2018-ல் நடந்த கலவரம் சம்பந்தமான பீமா கோரேகான் வழக்கு, ஊபா என்கிற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம். மாவோயிஸ்ட் தொடர்பு என்றார்கள், அவர் மறுத்தார். எது உண்மை என்று எந்தக் கோர்ட்டும் விசாரித்துச் சொல்லவில்லை.

மும்பைப் பக்கம் தலோஜா சிறையில் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நவம்பர் 6-ந் தேதி கோர்ட்டில் மனுப் போடுகிறார். ஜாமீன் மனு இல்லை, ஒரு ஸ்ட்ராவும், சிப்பர் என்கிற மூடி போட்ட உறிஞ்சு கப்பும் கேட்டு மனு. பதில் சொல்ல, வழக்கை நடத்தும் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ. 20 நாள் அவகாசம் கேட்டது. நான் ஒரு நாளைக்கு மூன்று டீ. 20 நாள் என்றால் 60 டம்ளர். தண்ணீர், கஞ்சி, மாத்திரை விழுங்குவது எல்லாம் தனிக் கணக்கு. 20 நாள் கழித்து வந்த பதில், அவரிடமிருந்து ஸ்ட்ராவும் எடுக்கவில்லை, சிப்பரும் எடுக்கவில்லை என்பது. நாடு முழுக்க ஜனங்கள் ஸ்ட்ரா வாங்கித் தபாலில் அனுப்பினார்கள் என்று படித்தபோது சிரிப்பும் வந்தது, வேறு என்னவோவும் வந்தது. அப்புறம் சிறையிலேயே சிப்பர் கொடுத்தார்களாம்.

அவர் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒரு விஷயம். அருண் ஃபெரைரா சாப்பிட உதவுகிறார், வெர்னன் கொன்சால்வ்ஸ் குளிக்க உதவுகிறார் என்று எழுதியிருக்கிறார். அவர்களும் அதே வழக்கில் உள்ளே இருந்தவர்கள். எனக்குச் சட்டைப் பொத்தான் போடுவது உன் அம்மா. அவளிடம் இதை வாசித்துக் காட்டினேன். "பரவாயில்லை, கூட ஆள் இருந்திருக்கு" என்றாள். அவளுக்கு அதுதான் முதலில் பட்டது.

2021 மே மாதம் வீடியோவில் ஹைகோர்ட் நீதிபதிகளிடம் பேசியிருக்கிறார். வந்தபோது நடந்தேன், நானே குளித்தேன், எழுதினேன், ஒவ்வொன்றாகப் போய்விட்டது என்று. ஆஸ்பத்திரி வேண்டாம், என் ஜனங்களோடு இருக்க விடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஜூலை 5-ந் தேதி ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, அவர் இறந்துவிட்டார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் கோர்ட்டில் சொல்கிறார். அந்த இடத்தில் தாளைக் கீழே வைத்துவிட்டேன்.

ஊபாவில் ஜாமீன் ஏன் கிடைப்பதில்லை என்று நீ முன்னே விளக்கியது எனக்கு இப்போதுதான் ஏறியது, அதுவும் டிப்போ பாஷையில் போட்டுப் பார்த்தபோது. எங்களுக்கு முதலில் சார்ஜ் மெமோ வரும். நாம் பதில் எழுதுவோம். விசாரணை நடக்கும், அதற்கப்புறம்தான் இன்கிரிமென்ட் வெட்டு. என்னைச் சஸ்பெண்ட் செய்த நாலு மாதமும் பிழைப்பூதியம் வந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும், ஸ்வெட்டர் வாங்காத வருஷம். ஊபாவில் குற்றப்பத்திரிகை என்கிற அந்த சார்ஜ் மெமோ எழுதவே 180 நாள் வரைக்கும் நேரம் இருக்கிறது. போலீஸ் கொடுத்த தாளைப் பார்த்தாலே உண்மை மாதிரித் தெரிந்தால் நீதிபதி ஜாமீன் கொடுக்கக் கூடாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. தாளை எழுதுவதும் அவர்கள். தண்டனையை அனுபவித்து முடித்துவிட்டு விசாரணைக்குக் காத்திருப்பதா? எந்த யூனியன் இதற்கு ஒத்துக்கொள்ளும்?

இலங்கைக்காரப் பையன் அஹ்னாப் ஜசீம் பற்றியும் படித்தேன். தமிழில் கவிதை எழுதினதற்கு, அங்கே 1979-ல் போட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 2020 மே மாதம் பிடித்திருக்கிறார்கள். வன்முறை வேண்டாம் என்று எழுதினவனைத் தீவிரவாதி என்று. ஜாமீனுக்கு ஒன்றரை வருஷம், நிரபராதி என்று தீர்ப்பு வர 2023 டிசம்பர். தமிழ் தெரிந்த யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லியிருந்தால் ஒரு மத்தியானத்தில் முடிந்திருக்கும்.

தூக்கம் போனது வேறு ஒரு தாளால். டெல்லியில் நடாஷா நர்வால் என்ற பெண், ஆராய்ச்சி மாணவி. குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துப் போராடியதற்கு அப்புறம் 2020 மே மாதம் கைது, ஊபாவும் சேர்ந்தது. அவளுடைய அப்பா எமர்ஜென்சியில் தானும் சிறை பார்த்தவர். மகள் உள்ளே இருக்கும்போதே 2021 மே 9-ந் தேதி கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். மறுநாள்தான் அவளுக்கு இடைக்கால ஜாமீன், கொள்ளி வைக்க. அடுத்த மாதமே ஹைகோர்ட் முறையான ஜாமீனும் கொடுத்தது. போராடுகிற உரிமையும் பயங்கரவாதமும் ஒன்றில்லை என்று சொல்லிக் கொடுத்தது. ஆறு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மகளைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்.

மறைத்து என்ன ஆகப்போகிறது, எனக்குப் பயம் அதுதான். நீ வக்கீல்தான், கைதி இல்லை, தெரியும். ஆனால் அந்த பீமா கோரேகான் வழக்கில் வக்கீல்களும் உள்ளே இருந்தார்கள், அதுவும் நீ அனுப்பிய தாளில்தான் இருக்கிறது. அன்றைக்கு உன்னிடம் கத்தினது அந்தப் பயம். உன் கட்சிக்காரர் எழுதியிருக்கக் கூடாது என்று உண்மையிலேயே நினைத்துச் சொல்லவில்லை. இல்லை, கொஞ்சம் நினைத்துத்தான் சொன்னேன்.

2001 மார்ச்சில் நம் ஊரில் தெர்மாமீட்டர் ஃபாக்டரியின் பாதரசக் கழிவு விஷயமாக ஊர்வலம் போனார்கள். நீ அப்போது இரண்டாம் கிளாஸ். என் வண்டி மூஞ்சிக்கல்லில் நின்றுவிட்டது. கண்டக்டர் இறங்கி ஊர்வலத்தோடு நாலு எட்டு நடந்துவிட்டு வந்து ஏறினார். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சீட்டிலேயே இருந்தேன். யூனிபார்மில் இருக்கிறேன், யாராவது போட்டோ எடுத்தால் மெமோ வரும் என்று. அந்தத் தெர்மாமீட்டர் ஃபாக்டரி அந்த வருஷம் மூடியதுதான், அப்புறம் திறக்கவில்லை. இறங்கியிருந்தால் எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒன்றும் ஆகியிருக்காது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட.

அதனால் ஆபீஸை மாற்று என்று சொன்னதை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். அந்த ஆளுக்கு ஜாமீன் வாங்கிக் கொடு. அவருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், வயது என்ன, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டு எழுதி வைத்துக்கொள். இதில் மாத்திரை அரை மணி தப்பினால் உடம்பு மரக்கட்டை ஆகிவிடும், சிறை டாக்டருக்கு அது தெரிய வேண்டும். உனக்கும் சில விஷயம். சீனியர் நம்பர், கூட இருக்கிற பெண்ணின் நம்பர், இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு, அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பாள். ராத்திரி எத்தனை மணி ஆனாலும் வீடு வந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடு. நான் எடுக்க மாட்டேன், மணி அடித்தால் போதும்.

பேரிக்காய் நாலு கிலோ பார்சல் சர்வீஸில் போட்டிருக்கிறேன், பாதி காயாக இருக்கும், அரிசியில் வை.

அப்புறம் ஸ்ட்ரா. இங்கே மலையில் பிளாஸ்டிக் ஸ்ட்ரா கிடைக்காது, தடை. பேப்பர் ஸ்ட்ரா சூட்டில் நைந்து பாதி டீயிலேயே வாயில் ஒட்டுகிறது. நீ வாங்கித் தந்த ஸ்டீல் ஸ்ட்ரா உதட்டைச் சுடுகிறது, மோர் குடிக்கத்தான் ஆகும். ரப்பர் மாதிரி வளைகிற ஒரு தினுசு வந்திருக்கிறதாமே, கழுவக் குட்டி பிரஷ்ஷும் சேர்த்துத் தருகிறார்களாம். பொங்கலுக்கு வரும்போது இரண்டு வாங்கி வா. ஒன்று வீட்டுக்கு. இன்னொன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மூஞ்சிக்கல் கடைக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

அப்பா