ஆயில் சீலை மாற்றும் முன்: மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மெக்கானிக் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். பின் ஆக்சிலில் ஆயில் ஒழுகுகிறது என்று வண்டி வந்தால், ஆயிலை வெளியே விடாமல் தடுக்கும் ரப்பர் வளையமான பழைய சீலைப் பிடுங்கிவிட்டுப் புதியதை அடித்து அனுப்புவது பல பட்டறைகளில் வழக்கமாகிவிட்டது. கொஞ்ச நாளில் அதே சக்கரம் மறுபடி நனையும். சீல் மட்டமான சரக்கு என்பார்கள். சீல் ஏன் போனது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அதைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

முதலில், ஒழுகுவது எது? பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டர் கசிந்தாலும் பிரேக் டிரம் நனையும். பிரேக் ஆயில் தண்ணீர்போல இருக்கும். கியர் ஆயில் கெட்டியாக, கந்தக நெடியோடு விரலில் ஒட்டும்.

கியர் ஆயில்தான் என்றால் பிரீதரைப் பாருங்கள். ஆக்சில் கூட்டின் மேல் இருக்கும் அந்தச் சின்னத் துளையைச் சேறு அடைத்துவிட்டால், ஓட்டத்தில் சூடாகி விரியும் காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலை சீல் வழியே தள்ளும். அப்போது எவ்வளவு நல்ல சீல் போட்டும் பயனில்லை. ஆயில் அளவுக்கு மேல் ஊற்றப்பட்டிருந்தாலும் இதே தொல்லைதான்.

அப்புறம் சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட். சீலின் உள்விளிம்பான லிப் உரசும் இடத்தைத் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். நகம் தட்டினால் அங்கே பள்ளம் விழுந்திருக்கிறது. புது லிப்பும் அந்தப் பள்ளத்திலேயே உட்கார்ந்தால் கசிவு நிற்காது. பள்ளத்தின் மேல் மெல்லிய உலோக உறையான ஸ்லீவ் போடலாம், கூட்டில் இடமிருந்தால் லிப் தேயாத பகுதியில் படும்படி சீலைச் சற்றுத் தள்ளி உட்கார வைக்கலாம். இரண்டுக்கும் வழியில்லை என்றால் ஷாஃப்டை மாற்ற வேண்டியதுதான். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். ஷாஃப்ட் ஆடும்போது எந்த லிப்பும் ஒட்டி நிற்காது.

சீலை ஸ்க்ரூடிரைவர் வைத்து ஓரம் ஓரமாகத் தட்டாதீர்கள். சுற்றளவுக்குப் பொருந்தும் சாக்கெட் ஒன்றை வைத்து நேராக இறக்குங்கள். ஸ்பிரிங் இருக்கும் பக்கம் ஆயிலைப் பார்த்திருக்க வேண்டும். லிப்பில் ஆயில் தடவி, ஷாஃப்டைத் தாங்கிப் பிடித்தபடி நுழையுங்கள். அதன் பல் லிப்பைக் கீறினால் புது சீலும் அன்றைக்கே பாழ்.

எனக்கு மிகவும் கவலை தருவது பிரேக் ஷூ. ஆயிலில் ஊறிய ஷூவை பெட்ரோலில் கழுவி, காயவைத்து, மறுபடி மாட்டுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். ஷூவின் மேல் உள்ள உராய்வுப் பட்டையான லைனிங் உள்வரை ஆயிலைக் குடித்திருக்கும். பிரேக் சூடானதும் அது மேலே கசியும். ஒரு சக்கரம் பிடிக்க, இன்னொன்று வழுக்க, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். உள்ளே குடும்பமே உட்கார்ந்திருக்கலாம். இரண்டு பக்கமும் புது ஷூ போடுங்கள். செலவு கூடுகிறதே என்று வண்டிக்காரர் முனகினால், நனைந்த ஷூவை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டுங்கள்.

இனி பில்லில் ‘சீல் மாற்றியது’ என்பதோடு நிறுத்தாமல், பிரீதர், ஷாஃப்ட், பேரிங் எப்படி இருந்தன என்றும் ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வண்டி ஓட்டும் ஒருவன்