உருண்டைப் பந்தும் ஹாப் பேக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரி புட்பால் வீரர் ஜே பெர்வாங்கரைப் பற்றிப் படித்தேன். கூடவே போட்டிருந்த படத்தில் ஒரு பையன் உருண்டைப் பந்தை உதைக்கிறான். அவர் ஆடியது முட்டை கணக்காக இருக்கும் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம் ஐயா. அங்கே அவர் ஆடிய ஹாப் பேக் என்றால் பந்தைத் தூக்கிக்கொண்டு பாய்கிறவர். நம்மூர்க் கால்பந்தில் ஹாப் என்றால் பேக்குக்கும் பார்வர்டுக்கும் நடுவே மூச்சு வாங்க ஓடுகிறவன். 1970களில் மதுரையில் கல்லூரி அணிக்கு லெப்ட் ஹாப் ஆடியவன் நான். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

படம் போகட்டும். தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த வாய்ப்பை அவர் வீணடித்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. சிகாகோ பல்கலைக்கழக அணியில் ஓடியது, வீசியது, உதைத்தது, எதிராளியை மடக்கியது எல்லாம் அவரே. சிறந்த கல்லூரி வீரருக்கென்று கொடுக்கிற, பின்னாளில் ஹெய்ஸ்மன் என்று பெயர் மாறிய கோப்பையை 1935இல் முதன்முதலாக வாங்கியவர். 1936இல் தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து முதல் தடவையாகத் தேர்ந்தெடுத்தபோது வாசித்த முதல் பெயரும் அவருடையதுதான். சிகாகோ பியர்ஸ் அணியின் முதலாளி ஹாலஸிடம் இரண்டு வருஷத்துக்கு 25,000 டாலர் கேட்டார். பேரம் படியவில்லை. ரப்பர் கம்பெனி வேலைக்குப் போய்விட்டு, படித்த இடத்திலேயே பகுதி நேரமாகப் பயிற்சி கொடுத்தார். கூலி கட்டுப்படியாகவில்லை என்று எழுந்து வந்தால் அது வீணா?

என்னையும் சென்னையிலிருந்து ஒரு அணி கூப்பிட்டது. இப்போதைக்குப் படிக்காசு மட்டும்தான், வேலை பிறகு என்றார்கள். எனக்குக் கீழே இரண்டு தங்கச்சிகள். உசிலம்பட்டிப் பக்கம் டிரில் மாஸ்டராகச் சேர்ந்தேன். 31 வருஷம் சுண்ணாம்புக் கோடு போட்டேன்.

1934இல் மிச்சிகன் அணியோடு ஆடும்போது, மடக்க வந்தவர் முகத்தில் பெர்வாங்கரின் குதிகால் பட்டு இடது கண்ணுக்குக் கீழே தழும்பாகிவிட்டது. அந்த ஆள்தான் பிறகு அமெரிக்க ஜனாதிபதியான ஜெரால்டு போர்டு. என் முழங்காலுக்குக் கீழேயும் திண்டுக்கல்காரர் ஒருவரின் பூட்ஸ் தழும்பு இருக்கிறது. அவர் கருவூலத்தில் குமாஸ்தாவானார். என் பென்ஷன் பைலில் பெயரைப் பார்த்ததும் வெளியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்து, "கால் எப்படி இருக்கு?" என்றார்.

பெர்வாங்கரின் கோப்பை வெகுநாள் அவர் அத்தை வீட்டில் கதவுக்கு முட்டுக் கொடுத்துக் கிடந்ததாம். என் பல்கலைக்கழகக் கோப்பையில் வீட்டுக்காரி கல்லுப்பு போட்டு வைத்திருந்தாள். ஒரு காது போய், உள்ளே பச்சை பூத்து, இப்போது பரண் மேல்.

அடுத்த ஞாயிறாவது சரியான படத்தைப் போடுங்கள். முட்டைப் பந்து.

இப்படிக்கு,
ஒரு பழைய லெப்ட் ஹாப்,
திருநகர், மதுரை.