சபைக்கூடத் திருப்பணி: சபையாருக்கு நிறைவு அறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கு, திருப்பணிக் கமிட்டியின் ஸ்தோத்திரம்.

வருகிறவர்களுக்கு மாலைச் சாப்பாடும், பனி கடுமையான இரவுகளில் தங்க இடமும் கொடுக்கும் நம் சபைக்கூடத்தைக் குளிர்காலத்துக்கு ஏற்றபடி மாற்றும் வேலை முடிந்து, பிரதிஷ்டையும் நடந்து, ஒரு முழுப் பனிக்காலம் அதில் ஓடிவிட்டது. அறிக்கை எங்கே என்று ஆராதனை முடிந்ததும் வாசலில் நிறுத்திக் கேட்டவர்கள் உண்டு. கடைசி பில் தீராமல் எழுதினால் அது அறிக்கை அல்ல, ஊகம். பில் இப்போது தீர்ந்துவிட்டது. தணிக்கை செய்த வரவு செலவைத் தனித்தாளில் இணைத்திருக்கிறோம். அந்தத் தாளைப் புரட்டாமலே கேள்வி கேட்கப்போகிறவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

வாசல் சாய்தளம், கழிவறைக் கதவுகள், பெயிண்ட், மின்சார ஹீட்டர்கள், வெளிக்குழாய்களுக்கு உறை எல்லாம் மதிப்பீட்டுக்குள் முடிந்தன. தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும் என்பதால்தான் அந்த உறை. இந்தக் குளிரில் ஒரு குழாயும் வெடிக்கவில்லை.

சரி, கூரைக்கு வருவோம். மொத்தச் செலவு மதிப்பீட்டைத் தாண்டியது அங்கேதான்.

நம் கூடத்தில் குளிர்காலத்தில் நாலு பேர் கூடினாலே தலையில் சொட்டும். கூரை ஒழுகுகிறது என்று வருடா வருடம் தீர்மானம் போட்டு, தார் பூசி வந்தார்கள். மழையே பெய்யாத இரவில் ஒழுகும் கூரைக்குத் தார் என்ன செய்யும்? 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் ஈரத்தைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. ஆட்களின் மூச்சு, நனைந்த கோட்டுகள், அடுப்படி ஆவி எல்லாம் மேலே போய் ஜில்லென்ற தகரத்தில் பட்டுத் தண்ணீராக விழுந்தது. ஆகவே உட்கூரைக்கு மேல் வெப்பக்காப்புப் பஞ்சு விரிப்பது, பஞ்சுக்குக் கீழே அறைப் பக்கமாகப் பிளாஸ்டிக் தாள் போடுவது, பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடுவது என்று ஒப்பந்தம் எழுதினோம். காசு கொடுத்துச் சூடாக்கிவிட்டு மேலே ஓட்டை வைக்கிறீர்களே என்று பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். அந்த இடைவெளி பஞ்சுக்கு மேலே இருக்கிறது. சூடு பஞ்சுக்குக் கீழே இருக்கிறது. இதை அன்றே சொன்னோம், கைதட்டலில் கேட்கவில்லை.

காண்ட்ராக்டர் பிளாஸ்டிக் தாளைப் பஞ்சுக்கு மேலே விரித்தார். தகரத்திலிருந்து சொட்டும் தண்ணீர் பஞ்சை நனைக்காமல் இருக்க என்பது அவர் விளக்கம். தாழ்வார இடைவெளிகளையும் மிச்சப் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது, கமிட்டியிலேயே இரண்டு பேர் தலையாட்டினார்கள். நம் சபையின் ஓய்வுபெற்ற கட்டிடப் பொறியாளர் ஐயா மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் கடும்பனி விழுந்த வாரம், இந்த வயதில் ஏணி ஏறி, பரண் கதவைத் திறந்து, ஒரு பிடி பஞ்சைப் பிடுங்கி எங்கள் முன்னால் பிழிந்தார். தண்ணீர் அவர் முழங்கை வரை வடிந்தது. கீழிருந்து போன ஆவி மேல்தாளில் முட்டி, பஞ்சுக்குள்ளேயே தங்கிவிட்டது. கைமரங்களிலும் கருப்புப் புள்ளிகள் வரத் தொடங்கியிருந்தன. அப்படியே விட்டிருந்தால் இரண்டு மூன்று குளிரில் மரம் உளுத்திருக்கும்.

பிரித்துப் போடுங்கள் என்று காண்ட்ராக்டரிடம் சொன்னோம். அது கூடுதல் வேலை, கூடுதல் பில் என்றார். ஆட்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். உட்கூரை பாதி திறந்து கிடக்க, வெளியே பனி இறங்கிக்கொண்டிருந்தது. அட்வான்ஸை வாங்க வழக்குப் போடுங்கள் என்று ஒரு சாரார், ஆளை மாற்றுங்கள் என்று இன்னொரு சாரார். அந்தப் பருவத்தில் புது ஆளை எங்கே பிடிப்பது? வழக்கு முடிவதற்குள் எத்தனை குளிர்காலம் போகும் என்று யாரும் சொல்லவில்லை.

நம்மைக் காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த ஒரே வரி: 'பொருள்கள் அனைத்தும் உற்பத்தியாளர் குறிப்பின்படி பொருத்தப்பட வேண்டும்.' பஞ்சு மூட்டையின் மேலேயே படம் அச்சிட்டிருந்தது, தாள் அறைப் பக்கம் என்று. மூட்டை உறையைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்த ஆலயப் பணியாளருக்குச் சபை நன்றி சொல்ல வேண்டும். அதைக் காட்டிய பிறகு, பிரித்து மறுபடி போடும் கூலி தன்னுடையது என்று காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். புதுப் பஞ்சின் விலையில் பாதியை நாம் ஏற்றுக்கொண்டோம்.

அந்தப் பாதியைப் பற்றித்தான் இத்தனை முணுமுணுப்பு. காரணம் இதுதான். கூடத்தை அவர் ஒப்படைப்பதற்கு முன்பே நாம் அதில் சமைக்கத் தொடங்கிவிட்டோம். குளிர் முந்திக்கொண்டது, வெளியே ஆட்கள் நின்றார்கள், கமிட்டி கதவைத் திறக்கச் சொன்னது. அதனால் ஈரம் கூடியது என்ற அவர் வாதத்தில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதே நிலை மறுபடி வந்தாலும் கமிட்டி கதவைத் திறக்கும், பாதிப் பஞ்சுக்கும் காசு கொடுக்கும். இதை நடவடிக்கைக் குறிப்பில் அப்படியே பதிவு செய்திருக்கிறோம்.

கேஸ் ஹீட்டர்களை இலவசமாகத் தர முன்வந்த அண்ணன் இன்னும் எங்களோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. புகைபோக்கி இல்லாத கேஸ் ஹீட்டர் ஒரு கிலோ கேஸை எரித்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடும். ஈரத்தோடு மல்லுக்கட்டும் கூடத்துக்கு அது ஆகாது. அதைவிடப் பெரிய பயம் கார்பன் மோனாக்சைடு. மணமும் இல்லை, நிறமும் இல்லை. இரவில் முப்பது பேர் தூங்கும் இடத்தில் அதற்கு இடம் கொடுக்க முடியாது. அடுப்படியில் அலாரம் மாட்டியிருக்கிறோம். அண்ணன் பிறகு கம்பளிகளாகக் கொடுத்தார், மனமார்ந்த நன்றி.

ஆலயம் ஏன் இன்னும் குளிர்கிறது, கூடத்துக்கு மட்டும் ஏன் சூடு? அவ்வளவு உயரமான ஆலயத்தில், வாரத்தில் இரண்டு மணி நேர ஆராதனைக்காக ஹீட்டர் போட்டால் சூடெல்லாம் உச்சிக்குப் போய்விடும், பெஞ்சில் இருப்பவர் கால் விறைத்தபடியேதான் இருக்கும். அதனால்தான் கடுங்குளிர் வாரங்களில் ஆராதனையைக் கூடத்துக்கு மாற்றினோம். பீடம் இல்லாத ஆராதனையா என்று வருத்தப்பட்ட பெரியவர்கள் வராமல் இருக்கவில்லை. ஹீட்டரை 18 டிகிரியில் பூட்டி வைத்ததற்கும் புகார் வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2018 வழிகாட்டுதலில் குளிர்காலத்தில் வீட்டுக்குள் குறைந்தபட்சம் இவ்வளவாவது வேண்டும் என்று சொல்லும் அளவு அது. பகலில் வந்து உட்காரும் முதியவர்களில் பலருக்கு வீட்டில் அதுகூடக் கிடைப்பதில்லை. ஓடியாடி வேலை செய்யும் வாலிபர்களுக்கு வேர்த்தால் ஸ்வெட்டரைக் கழற்றலாம்.

மாலைச் சாப்பாடு ஒருநாளும் நிற்கவில்லை. பனி கடுமையான இரவுகளில் தங்கவும் இடம் கொடுத்தோம். வருகிறவர் எந்தச் சபை, எந்த மதம் என்று வாசலில் கேட்கக் கூடாது என்பது கமிட்டியின் முடிவு. பதிவேட்டில் எத்தனை பேர் என்பது மட்டும் இருக்கும். பேரைக் கேட்டால் சிலர் உள்ளே வராமல் திரும்பிப் போகிறார்கள் என்று வாசலில் நின்ற அக்காமார் சொன்னதற்குப் பிறகு இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

கொடுத்தவர்கள்: ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளின் உண்டியல், பாடகர் குழுவின் கீதபவனிக் காணிக்கை முழுவதும், பெண்கள் ஐக்கிய சங்கம் அடுப்பும் பாத்திரங்களும், வாலிபர் சங்கம் உடலுழைப்பும் ஒரு பழைய வேனும், தாயார் நினைவாக மெத்தைகள் தந்த மூன்று சகோதரிகள், திருமணச் செலவைக் குறைத்து மிச்சத்தைக் கொடுத்த புதுத் தம்பதி, மின்வேலைக்குக் கூலி வாங்காத தம்பி, ஓய்வூதியத்தில் மாதாமாதம் ஒதுக்கிய ஆசிரியை அம்மா, கையால் கம்பளித் தொப்பி பின்னிய பாட்டிமார், அடுத்த தெரு நண்பர்கள், இவர்கள் நம் சபையார் அல்ல, போன குளிரில் கூடத்தில் தங்கி, வேலை கிடைத்ததும் வந்து கவர் கொடுத்துவிட்டுப் போன ஒருவர். பெயர்கள் பதிவேட்டில் இருக்கின்றன. ஹீட்டருக்கு ஒரு பெயர்ப்பலகை என்ற யோசனையைக் கமிட்டி ஏற்கவில்லை. மார்ட்டின் என்ற பரிசுத்தவான் ஆமியான் நகர வாசலில் தன் மேலங்கியைப் பாதியாக வெட்டிப் பிச்சைக்காரருக்குக் கொடுத்தார் என்று ஆயர் பிரசங்கித்தார். அந்தப் பாதித் துணியில் அவர் பேர் எழுதியதாகச் சொல்லவில்லை.

இனி நடக்க வேண்டியவை: கம்பளிகள் துவைத்துக் காயவைத்து அலமாரிக்குப் போக வேண்டும். அலாரத்தை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க இரண்டு பேர் தேவை. பரணை அடுத்த குளிருக்கு முன் யாராவது ஏறிப் பார்க்க வேண்டும். பொறியாளர் ஐயாவை மறுபடி ஏற்றக் கூடாது. இந்தக் கமிட்டி பொதுக்கூட்டத்தோடு கலைகிறது, நாங்கள் மறுபடி நிற்கப் போவதில்லை. கணக்கில் ஆட்சேபம் உள்ளவர்கள் கூட்டத்துக்கு முந்தைய ஞாயிறுக்குள் எழுத்தில், கையெழுத்தோடு தரவும். வாசலில் சொல்வதைக் குறித்துக்கொள்ள இயலாது.

திருப்பணிக் கமிட்டிக்காக,
செயலர்