அம்மிணிக்கு அப்பா எழுதுவது

காங்கயம்

அம்மிணி,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. செவலை கன்று போட்டிருக்கிறது, கிடாரி. தென்னையில் வெள்ளை ஈ இன்னும் விட்டபாடில்லை. நீ பேசி ஆறு வாரம் ஆகிறது. வேலை அதிகம் என்று தெரியும், அதனால்தான் நாங்களும் கூப்பிடவில்லை. கடைசியாக வீடியோவில் வந்தபோது உன் கையில் வளையல் இல்லை என்று அம்மா சொன்னாள். வெயில் காலம், கழற்றி வைத்திருப்பாள் என்று நான் சொல்லி வைத்தேன்.

முதலீடு கேட்பதற்காக நீ தயார் செய்த காகிதங்களைத் தம்பி காட்டினான். அவனைத் திட்டாதே, நான்தான் வாங்கிப் படித்தேன். மூன்று முறை படித்தேன். பழைய மோட்டாரை மாற்றாமல் அதையே சோலாரில் ஓட்டும் பெட்டி. நம் கிணற்றில் அதை நீ மாட்டிக் காட்டிய அன்று, தொட்டியில் தண்ணீர் விழுந்ததும் நான் ரோடு வரைக்கும் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். அதைச் செய்தது என் மகள் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் சந்தை எவ்வளவு என்று போட்டிருந்த பக்கத்தில் நின்றுவிட்டேன். தமிழ்நாட்டில் 23 லட்சம் விவசாய இணைப்பு, பேனலோடு சேர்த்து ஒன்றுக்கு 2 லட்சம் ரூபாய், ஆக 46,000 கோடி. நூற்றுக்கு ஒன்று கிடைத்தாலே 460 கோடி. பெருக்கல் சரிதான். ஆனால் அந்த 23 லட்சத்தில் ஒருவன் நான். நீ என் மகளாக இல்லாவிட்டால் நான் அதை வாங்க மாட்டேன், அம்மிணி.

நீ பிறந்த 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. அன்றிலிருந்து இந்த மோட்டாருக்கு நான் ஒரு ரூபாய் கட்டியதில்லை. கட்டாத பில்லை மிச்சப்படுத்த எவன் 2 லட்சம் கொடுப்பான்? பகலில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் குறைவு என்று சலித்துக்கொள்வார்கள், அது உண்மை. அதற்காகக் கடன் வாங்க மாட்டார்கள். அப்புறம் ஒரு பயமும் இருக்கிறது. சோலார் மாட்டினால் நாளைக்கு இலவச இணைப்பைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியப்பா கேட்டார். 1970இல் யூனிட்டுக்கு ஒரு பைசா ஏற்றியதை எதிர்த்த போராட்டத்தில் பெருமாநல்லூரில் 3 விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். உன் அப்பாரு அந்தக் கூட்டத்தில் இருந்தவர். இந்தப் பக்கத்தில் அந்த ஒயரை யாரும் சுலபமாக விடமாட்டார்கள்.

உன் பெட்டியால் மிச்சமாவது அரசாங்கத்தின் பணம். அப்படியானால் உனக்கு வாடிக்கையாளர் 23 லட்சம் பேர் இல்லை, ஒருவர்தான். அவரிடம் டெண்டர் வழியாகத்தான் போக வேண்டும், பணம் வரும் வரை கைக்காசில் தாக்குப்பிடிக்க வேண்டும். இணைப்பே இல்லாதவர்கள் இருக்கிறார்களே என்பாய். 2019இல் வந்த குசும் திட்டத்தில் அவர்களுக்கு 60 சதவீத மானியத்தில் முழு சோலார் பம்பே கிடைக்கிறது. அதுவும் கிணற்றில் தண்ணீர் இருந்தால்தானே. மாநிலத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பகுதிகளில் ஊறுவதைவிட அதிகமாக உறிஞ்சிவிட்டார்கள்.

போன வாரம் நம் ஊரையும் சுற்றியுள்ள நான்கு ஊர்களையும் வண்டியில் போய்ப் பார்த்தேன். இலவச இணைப்பு 412. டீசல் எஞ்சின் 7. கோழிப்பண்ணையும் நார் மில்லும் தேங்காய்க் களமும் சேர்த்து 38. இந்த 38 பேரும் பில் கட்டுகிறவர்கள். எல்லோரிடமும் உன் பெட்டியைப் பற்றிச் சொன்னேன். நல்ல பொருள் என்றார்கள் எல்லோரும். விலையைச் சொன்ன பிறகும் மகளை வரச் சொல்லுங்கள் என்றவர்கள் 5 பேர். பெயரும் நம்பரும் தம்பியிடம் கொடுத்திருக்கிறேன். ஐந்து ஊருக்கு 5 பேர், அதிலிருந்து கணக்கை ஆரம்பி. பில் கட்டுகிறவனை எண்ணு. மோட்டாரை எண்ணாதே.

இதை உனக்குச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பாய். என் பட்டறைக்குப் பின்னால் வேலியோரம் துருப்பிடித்துக் கிடக்கும் இரும்பு டிரம்கள் உனக்குத் தெரியும். சின்ன வயதில் அதில் ஏறி விளையாடுவாய். 1981இல் தேசிய சாண எரிவாயுத் திட்டம் வந்தது. நாட்டில் 1 கோடியே 20 லட்சம் வீட்டுக் கலன்கள் வைக்க முடியும் என்று கணக்கு சொன்னார்கள். நாற்பது வருஷத்தில் கட்டியது சுமார் 50 லட்சம். 1986இல் எனக்கு 27 வயது. நானும் எண்ணினேன். எட்டு ஊரில் மாட்டை எண்ணினேன். இரண்டு கன மீட்டர் கலனுக்கு ஒரு நாளைக்கு 50 கிலோ சாணி, அதற்கு நாலைந்து மாடு. ஆக 300 கலன் போகும், ஒவ்வொன்றின் மேலும் எரிவாயு பிடிக்க ஒரு டிரம், 300 டிரம் வேண்டும் என்று கடன் வாங்கித் தகடு இறக்கினேன்.

காங்கயம் மாடு கொறங்காட்டில் மேய்ந்து அங்கேயே ராத்தங்கும். சாணி காட்டிலேயே விழும். இது எனக்குத் தெரியாதா? அந்த மாடுகளோடு வளர்ந்தவன். அந்த 50 கிலோ சாணிக்குச் சமமாகத் தண்ணீர் ஊற்றிக் கரைக்க வேண்டும் என்பதும் தெரியும். குடத்தோடு நடந்தது உன் ஆத்தாவும் அம்மாவும்தானே. எண்ணிக்கை பெரிதாக இருந்ததால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துபோனது. 11 டிரம் விற்றேன்.

அம்மாவின் காசுமாலை அத்தை கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று உனக்குச் சொன்னோம். அது அப்படிப் போகவில்லை. மூன்றாவது மாதமே இது ஓடாது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஊரில் தலை குனிய முடியாமல் இன்னும் இரண்டு வருஷம் ஓட்டினேன். அதற்குத்தான் அந்த மாலை அடகுக்குப் போனது, மூழ்கியும் போனது. அம்மாவிடம் கேட்டு எடுக்கவில்லை, பெட்டியிலிருந்து எடுத்தேன். அவள் கண்டுபிடித்த அன்று ஒன்றும் பேசவில்லை. நீ வளர்ந்து மாலை எங்கே என்று கேட்டபோது அத்தை கல்யாணம் என்று அவளே முதலில் சொன்னாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன். இத்தனை வருஷமாக அவளிடம் ஒரு மன்னிப்பு கேட்டதில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுவேன்.

நீ என்னைவிடப் படித்தவள், உன் பெட்டி என் டிரம் மாதிரி துருப்பிடிக்காது. அந்தப் பக்கத்தை மட்டும் மாற்று. பில் கட்டுகிறவர்களை எண்ணு.

சித்திரையில் தேங்காய்ப் பணம் கைக்கு வரும். இந்தத் தடவை தம்பி பங்கையும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டான். ரசீது எந்தக் கடையுடையது, வட்டிக் கெடு என்றைக்கு என்று மட்டும் எழுது. மாப்பிள்ளையிடம் நான் பேச மாட்டேன்.

அன்புடன்,
அப்பா